வேலை முடிந்ததும் வீடு: நார்டிக் நாடுகளிடம் நாம் கவனிக்க வேண்டியது

உலகில் மக்கள் எந்த நாட்டில் மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள் என்ற பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் வெளியாகிறது. 2018 முதல் 2025 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அதில் முதலிடம் பின்லாந்துக்குத்தான். அதன் அண்டை நாடுகளான டென்மார்க், ஐஸ்லாந்து, ஸ்வீடன், நார்வே ஆகியவையும் இந்த எட்டு ஆண்டுகளிலும் முதல் பத்து இடங்களுக்குள் இருந்தன. வட ஐரோப்பாவில் இருக்கும் இந்த ஐந்தையும் சேர்த்து நார்டிக் நாடுகள் என்கிறார்கள்.

பொம்மிடியில் இருக்கும் நமக்கும் அந்தப் பனி நாடுகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே, சேர்வராயன் மலையைப் பார்த்தபடி இருக்கும் ரயில் நிலைய ஊர் நம்முடையது. மரவள்ளியும் மஞ்சளும் விளையும் பூமி என்றாலும், மழையை நம்பிய விவசாயம் எல்லா வீட்டுக்கும் சோறு போடுவதில்லை. தருமபுரி மாவட்டத்தின் மற்ற ஊர்களைப் போலவே இங்கிருந்தும் பிள்ளைகள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் ரயில் ஏறுகிறார்கள். சிலர் சவூதிக்கும் துபாய்க்கும் கத்தாருக்கும் போகிறார்கள். பணம் வருகிறது, வீடு எழும்புகிறது, தங்கைக்கு நிக்காஹ் நடக்கிறது. ஆனால் அந்த வீட்டில் அத்தாவோடு உட்கார்ந்து சாப்பிடும் நாட்கள் வருடத்துக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது.

சம்பாத்தியமும் குடும்பமும் ஒன்றையொன்று தின்னாமல் இரண்டும் வாழ முடியுமா என்பதுதான் நம் கேள்வி. அதற்கு ஓரளவு விடை கண்ட சமூகங்கள் என்பதால் அந்த நாடுகளைப் பற்றித் தெரிந்துகொள்வது நமக்குப் பயன்படும். அங்கே இருப்பதையெல்லாம் புகழ்வது நம் நோக்கமல்ல. எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று பார்ப்போம்.

வேலைக்கு ஒரு எல்லை

ஐந்து நாடுகளின் மக்கள் தொகையையும் கூட்டினால் மூன்று கோடியைத் தொடாது. தமிழ்நாட்டின் பாதிகூட இல்லை. ஆனால் வேலை நேரத்துக்கு எல்லை கட்டியதில் அவர்கள் உலகத்துக்கே முன்னோடிகள்.

நார்வேயின் பணிச்சூழல் சட்டப்படி சாதாரண வேலை நேரம் ஒரு நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 40 மணி. தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள இடங்களில் அது 37.5 மணி. டென்மார்க்கில் ஒப்பந்தப்படி வாரம் 37 மணி. நார்வேயில் கூடுதல் நேர வேலை வாங்கினால் குறைந்தது 40 சதவீதம் கூடுதல் கூலி தர வேண்டும். அதையும் விருப்பம்போல் வாங்க முடியாது. பொதுவான வரம்பு வாரத்துக்கு 10 மணி, வருடத்துக்கு 200 மணி.

ஐஸ்லாந்து 2015 முதல் 2019 வரை ஒரு சோதனை செய்தது. சுமார் 2,500 ஊழியர்களுக்கு, சம்பளத்தைக் குறைக்காமல், வாரம் 40 மணி வேலையை 35 அல்லது 36 மணியாகக் குறைத்தார்கள். பெரும்பாலான இடங்களில் வேலை கெடவில்லை. தேவையற்ற கூட்டங்களைக் குறைத்தார்கள், வேலையைப் பங்கிடும் முறையை மாற்றினார்கள். பின்னர் அந்த நாட்டின் பெரும்பாலான தொழிலாளர்கள் குறைந்த நேரத்துக்கு மாறினார்கள், அல்லது மாறிக்கொள்ளும் உரிமையைப் பெற்றார்கள்.

நம் நாட்டில் இதற்கு நேர்மாறான பேச்சைக் கேட்டோம். இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னார். 90 மணி நேரம் என்று 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் பேசியது வெளியாகிப் பெரிய விவாதமானது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி இந்தியாவில் வேலை செய்வோரில் ஏறத்தாழ பாதிப்பேர் ஏற்கனவே வாரத்துக்கு 49 மணி நேரமோ அதற்கு மேலோ உழைக்கிறார்கள். இன்னும் எவ்வளவு உழைப்பது?

குழந்தை பிறந்தால் அத்தாவுக்கும் விடுப்பு

பிரசவ விடுப்பு தாய்க்கு மட்டும் என்ற நிலையை முதலில் மாற்றிய நாடு ஸ்வீடன். 1974ல் தந்தையும் எடுக்கக்கூடிய பெற்றோர் விடுப்பை அது கொண்டுவந்தது. இப்போது ஒரு குழந்தைக்கு 480 நாட்கள் உதவித்தொகையுடன் விடுப்பு உண்டு. தாய்க்கு 90 நாட்கள், தந்தைக்கு 90 நாட்கள் தனியாக ஒதுக்கப்பட்டவை. ஒருவர் பங்கை மற்றவர் எடுக்க முடியாது. நார்வே 1993ல் தந்தைக்கென்று நான்கு வாரங்களை ஒதுக்கியது. அதுவரை விடுப்பு எடுத்த தந்தையர் மிகச் சிலர். ஒதுக்கிய சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான தந்தையர் எடுக்கத் தொடங்கினார்கள். இன்று முழு ஊதியத்துடன் விடுப்பைத் தேர்ந்தால் தந்தையின் பங்கு 15 வாரங்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னபோது ஆண்கள் எடுக்கவில்லை. முதலாளி என்ன நினைப்பார், கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்களா என்ற தயக்கம் அங்கேயும் இருந்தது. உனக்கென்று இருப்பது, எடுக்காவிட்டால் போய்விடும் என்று சட்டம் சொன்னதும் தயக்கம் உடைந்தது.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பெற்றோர் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ள ஸ்வீடனில் ஒரு குழந்தைக்கு வருடத்துக்கு 120 நாட்கள் வரை உதவித்தொகை கிடைக்கும். குழந்தைக்கு எட்டு வயது ஆகும்வரை தன் வேலை நேரத்தைக் கால் பங்கு குறைத்துக்கொள்ளும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு. அந்த அளவு சம்பளம் குறையும், வேலை போகாது. நார்வேயில் ஊழியர் நோயுற்றால் ஒரு குறிப்பிட்ட உச்சவரம்புக்கு உட்பட்டு ஒரு வருடம் வரை முழு ஊதியம் உண்டு. ஆண்டு விடுமுறை சட்டப்படியே நான்கு வாரத்துக்கு மேல். ஒப்பந்தம் உள்ள இடங்களில் ஐந்து வாரம்.

நம் நாட்டில் மகப்பேறு சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தாய்க்கு 26 வாரங்களைக் கொண்டுவந்தது. இது நல்ல சட்டம்தான். ஆனால் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் இருப்பவர்களுக்கே பயன். களையெடுக்கும் பெண்ணுக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் இல்லை. தந்தைக்கு மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள் உண்டு. தனியார் துறையில் இருப்பவருக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

இது எண்ணெய்ப் பணத்தால் வந்ததல்ல

அவர்களிடம் பணம் இருக்கிறது, அதனால் முடிகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1825க்குப் பிறகான நூறு ஆண்டுகளில் சுமார் எட்டு லட்சம் நார்வேக்காரர்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் இன்று போவதைப் போலத்தான் அவர்களும் போனார்கள். நார்வேயில் எட்டு மணி நேர வேலைநாள் சட்டமானது 1919ல். வட கடலில் எண்ணெய் கிடைத்தது 1969ல். அதாவது, உரிமை கிடைத்து அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் எண்ணெய் வந்தது. பின்லாந்தில் எட்டு மணி நேரச் சட்டம் 1917லும் ஸ்வீடனில் 1919லும் வந்தன.

இதைக் கொண்டுவந்தவை தொழிற்சங்கங்கள். டென்மார்க்கில் 1899, நார்வேயில் 1935, ஸ்வீடனில் 1938 என முதலாளிகளின் அமைப்பும் தொழிலாளர் அமைப்பும் எதிரெதிரே உட்கார்ந்து அடிப்படை ஒப்பந்தங்கள் செய்தன. இன்றும் இந்த நாடுகளில் எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சக் கூலியைச் சட்டம் சொல்வதில்லை. ஒவ்வொரு துறையிலும் இரு தரப்பும் பேசி முடிவு செய்கின்றன. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஊழியர்கள் சங்கத்தில் இருக்கிறார்கள்.

அதே 1919ல் நம் நிலை என்ன? சர்வதேச தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையில் உலகத்துக்கு வாரம் 48 மணி என்று எழுதியபோது, பிரிட்டிஷ் இந்தியாவுக்கு விலக்குக் கொடுத்து 60 மணி என்று எழுதியது. ஆனால் நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான மதராஸ் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27ல் சென்னையில் தொடங்கப்பட்டது. பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் உழைத்தார்கள். 1923 மே 1ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நாட்டிலேயே முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சுதந்திரத்துக்குப் பிறகு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரம் 48 மணி என்று வரையறுத்தது. 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்த 48 மணி தொடர்கிறது. 2023 ஏப்ரல் 21ல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியபோது எதிர்ப்பு எழுந்தது. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். கேட்டால் கிடைக்கும், கேட்காமல் விட்டால் இருப்பதும் போகும் என்பதற்கு இது சாட்சி.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஸ்வீடனிலும் நார்வேயிலும் குழந்தைகளுக்கு அரசு தரும் உதவித்தொகைக்கு உமர் சட்டம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படி இல்லை. நார்வேயில் அதன் பெயர் பார்னெட்ரிக்ட். 1946ல் இரண்டாம் குழந்தை முதல் கொடுக்கத் தொடங்கி, 1970ல் முதல் குழந்தைக்கும் விரித்தார்கள். ஸ்வீடனில் 1948 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் தருகிறார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் சிறப்புக்கு இட்டுக்கட்டிய செய்தி தேவையில்லை. பால்குடி மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை என்று இருந்தபோது, அந்தப் பணத்துக்காக ஒரு தாய் தன் குழந்தைக்குச் சீக்கிரமே பாலை நிறுத்த முயல்வதை அவர்கள் இரவு நடையில் அறிந்து கலங்கினார்கள். பிறந்த நாளிலிருந்தே எல்லாக் குழந்தைகளுக்கும் தொகை உண்டு என்று மறுநாளே மாற்றி அறிவித்ததாக வரலாறு சொல்கிறது. அந்த முன்மாதிரி நம்மிடம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இருக்கிறது. அதை நாம் எங்கே நடைமுறைப்படுத்தினோம் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

தமிழ்க் குடும்பங்களுக்காகப் பதவி இழந்த அரசு

நார்டிக் நாடுகளில் தமிழர்கள் வாழ்கிறார்கள். யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956ல் நார்வே போனார். மீன்பிடித் தொழிலை அங்கே அறிந்துகொண்டு, யாழ்ப்பாண மீனவர்களுக்காக சீநோர் என்ற திட்டத்தைத் தொடங்கினார். பிறகு போரின் காரணமாக ஆயிரக்கணக்கானோர் போனார்கள். பலர் நார்வேயின் வடகோடியில் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை செய்து, பின்னர் ஒஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் குடிபெயர்ந்தார்கள். மூன்று வயதில் அங்கே போன யாழ்ப்பாணப் பெண் கம்ஷாஜினி குணரத்னம் 2015ல் ஒஸ்லோவின் துணை மேயராகவும் 2021ல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

டென்மார்க்கில் நடந்தது நம் பேசுபொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அகதியாக ஏற்கப்பட்டவர் தன் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம் என்பது அந்நாட்டில் அப்போது சட்டப்படியான உரிமை. 1987ல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழர்களின் விண்ணப்பங்களை மட்டும் நகர்த்தாமல் வைக்குமாறு அதிகாரிகளிடம் சொன்னார். கணவன் டென்மார்க்கிலும் மனைவி மக்கள் போர்நிலத்திலுமாகக் குடும்பங்கள் பிரிந்து கிடந்தன. விஷயம் வெளிவந்து, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை நடந்தது. அறிக்கை வெளியான 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995ல் நின்-ஹான்சன் குற்றவாளி என்று தீர்ப்பாகி, நான்கு மாதச் சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக விதிக்கப்பட்டது. அந்நாட்டு வரலாற்றில் இதற்குப் பெயரே தமிழ் வழக்கு.

ஒரு நாட்டின் பிரதமர், வேறு நாட்டிலிருந்து வந்த ஏழைகளின் மனைவி மக்கள் பிரித்து வைக்கப்பட்டதற்காகப் பதவி இழந்தார். குடும்பத்தோடு வாழ்வது பெரிய சம்பளக்காரருக்கான சலுகை இல்லை, மனிதனின் உரிமை என்பதுதான் அந்த வழக்கிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம். வளைகுடாவில் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் குடும்ப விசாவுக்குத் தகுதி பெறாத சம்பளத்தில்தான் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இந்த வழக்கின் எடை புரியும். அதே டென்மார்க் 2002க்குப் பிறகு குடும்பத்தை அழைக்கும் விதிகளை மிகவும் இறுக்கிவிட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அங்கே முஸ்லிமாக வாழ்வது

நார்வே அரசு மத அமைப்புகளுக்கு உறுப்பினர் எண்ணிக்கைப்படி நிதி தருகிறது. பள்ளிவாசல்களும் அதில் அடங்கும். இன்னொரு சட்டம் நமக்கு ஆச்சரியம் தரும். அந்நாட்டுத் திருச்சபையைச் சேராத ஊழியர், தன் மதப் பெருநாட்களுக்காக வருடத்துக்கு இரண்டு நாட்கள் வரை விடுப்புக் கேட்கும் உரிமை பெற்றவர். இரண்டு வாரத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தைப் பிறகு உழைத்து ஈடுகட்டுமாறு முதலாளி கேட்கலாம். இரண்டு பெருநாளுக்கும் அது போதும்.

தொழுகை நேரங்கள் அங்கே சோதனைதான். டிசம்பர் கடைசியில் ஒஸ்லோவில் பிற்பகல் சுமார் 3.15 மணிக்கே சூரியன் மறைகிறது. அதாவது லுஹர், அஸர், மஹ்ரிப் மூன்றும் வேலை நேரத்துக்குள் வந்துவிடும். ஜூனில் இரவு 10.40 வரை மறையாது. வடக்கே ட்ரோம்சோவில் மே பிற்பாதியிலிருந்து ஜூலை பிற்பாதி வரை சூரியன் மறைவதே இல்லை. அத்தகைய ஊர்களில் மக்கா நேரத்தையோ, இரவும் பகலும் பிரியும் அருகிலுள்ள ஊரின் நேரத்தையோ பின்பற்றி நோன்பு வைக்கலாம் என்று உலமாக்கள் வழிகாட்டியிருக்கிறார்கள்.

கசப்புகளும் உண்டு. மயக்கம் கொடுக்காமல் அறுப்பதற்கு நார்வே, ஸ்வீடன், டென்மார்க் மூன்றிலும் தடை இருக்கிறது. டென்மார்க்கில் 2018 முதல் பொது இடங்களில் முகத்திரைக்குத் தடை. ஸ்டாக்ஹோமில் 2023ல் குர்ஆனை எரித்த நிகழ்வுகள் உலக முஸ்லிம்களைப் புண்படுத்தின. அதே ஆண்டு டிசம்பரில் டென்மார்க் மத நூல்களை இழிவுபடுத்துவதைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. பிள்ளைகளை அடிப்பது ஸ்வீடனில் 1979 முதலும் நார்வேயில் 1987 முதலும் குற்றம். அன்னிய மொழி, நீண்ட இருட்டு, தனிமை ஆகியவற்றைத் தாங்குவதும் எளிதல்ல. மூன்று நாடுகளில் விற்பனை வரி 25 சதவீதம், வருமான வரியும் அதிகம். மேலே சொன்ன விடுப்புகளும் உதவித்தொகையும் அந்த வரியிலிருந்துதான் வருகின்றன.

போக விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பொதுவாக, உறுதியான வேலை ஆணை இருந்தால்தான் அந்த நாடுகளில் வேலை அனுமதி கிடைக்கும். பணம் கட்டினால் நார்வே விசா என்று சொல்லும் தரகரை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய உச்சபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான்.

மார்க்கம் வகுத்த பங்கீடு

வேலைக்கும் வாழ்வுக்கும் சமநிலை என்பது நமக்குப் புதிய கருத்து இல்லை. நபித்தோழர் அபூதர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்து மனைவியைக் கவனிக்காமல் விட்டதை சல்மான் (ரலி) கண்டார். இறைவனுக்கும் உன்மேல் உரிமை இருக்கிறது, உன் உடலுக்கும் உன் குடும்பத்துக்கும் உரிமை இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடு என்ற கருத்தில் அவருக்கு எடுத்துரைத்தார். நபி (ஸல்) அவர்கள் சல்மான் சொன்னது உண்மை என்று உறுதிப்படுத்தினார்கள் என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. வணக்கமே குடும்பத்தின் பங்கைத் தின்னக்கூடாது என்றால், கடையும் கம்பெனியும் தின்னலாமா?

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்றே பதில் வந்தது. ஜும்ஆ அழைப்பு வந்தால் வணிகத்தை விட்டுவிடவும், தொழுகை முடிந்ததும் மீண்டும் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடவும் குர்ஆன் (62:9, 10) கட்டளையிடுகிறது. சம்பாதிப்பதை அது தடுக்கவில்லை. அதற்கு நேரம் வகுக்கிறது.

உமர் (ரலி) அவர்கள், கணவன் போர்க்களத்தில் இருக்க மனைவி தனிமையில் வாடுவதை அறிந்து, தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கலந்து, படைவீரர் குடும்பத்தைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு விதித்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. நம் வீடுகளில் இரண்டு வருடம், மூன்று வருடம் என்பது சாதாரணமாகிவிட்டது. கடன் தீர்க்கும்வரை என்று தொடங்கி, வீடு கட்டும்வரை, மகள் நிக்காஹ் முடியும்வரை என்று நீண்டு, இருபது வருடத்துக்குப் பிறகு சர்க்கரை நோயோடு திரும்பும் அத்தாக்கள் எத்தனை பேர்!

முதலாளியாக இருக்கும்போது நாம்

அரசையும் பெரிய கம்பெனிகளையும் குறை சொல்வது எளிது. ஆனால் நம்மில் பலர் சிறு முதலாளிகள். பிரியாணிக் கடை, ஹார்டுவேர், ஜவுளி, மளிகை, பழைய இரும்பு, செல்போன் கடை என்று பெரிதோ சிறிதோ நடத்துகிறோம். அங்கே வேலை செய்யும் தம்பி காலை எத்தனை மணிக்கு வருகிறார், இரவு எத்தனை மணிக்குப் போகிறார்?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947லிருந்தே இருக்கிறது. அதன்படி கடை ஊழியருக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை. நான்கு மணி நேரத்துக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு. கூடுதல் நேரம் சேர்ந்தாலும் நாளுக்கு 10 மணியைத் தாண்டக் கூடாது, அந்த நேரத்துக்கு இரட்டைக் கூலி. வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை. ஒரு வருடம் முடித்தவருக்கு ஊதியத்தோடு 12 நாள் விடுப்பு. 1958ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம் நான்கு தேசிய விடுமுறைகளையும் ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் தருகிறது. 2021ல் கொண்டுவந்த திருத்தம், கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்கிறது. நாள் முழுக்க நின்றே விற்கும் ஊழியர்களுக்காக வந்த சட்டம் அது.

காகிதத்தில் பார்த்தால் இவை நார்டிக் சட்டங்களிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. வித்தியாசம் நடைமுறையில் இருக்கிறது. அங்கே கேட்பதற்குச் சங்கம் இருக்கிறது. இங்கே அந்தத் தம்பிக்கு நம்மைத் தவிர யாரும் இல்லை. மத்யனின் முதியவர் மூஸா (அலை) அவர்களை எட்டு ஆண்டுகளுக்கு வேலைக்கு அமர்த்தியபோது, உமக்குச் சிரமம் கொடுக்க நான் விரும்பவில்லை என்ற கருத்தைச் சொல்லியே ஒப்பந்தம் பேசியதாகக் குர்ஆன் (28:27) கூறுகிறது. வேலைக்காரருக்குச் சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது நபிகளாரின் போதனை. வியர்வை உலரும் முன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது.

ஜமாஅத்தும் ஒரு முதலாளிதான். ஃபஜ்ருக்கு முன் பள்ளியைத் திறந்து, இஷாவுக்குப் பின் பூட்டும் மோதினாருக்கு வார விடுமுறை உண்டா? ஹஜ்ரத்துக்குக் குழந்தை பிறந்தால் ஊருக்குப் போய்வர எத்தனை நாள் கொடுக்கிறோம்? வெள்ளிக்கிழமை மிம்பரில் தொழிலாளர் உரிமையைப் பேசச் சொல்வதற்கு முன் நிர்வாகிகள் யோசிக்க வேண்டிய இடம் இது.

இன்றே தொடங்கக்கூடியவை

நம் ஊரில் இருந்தபடியே செய்யக்கூடியவை பல உண்டு.

1. கடை நடத்துபவர்கள் வேலை நேரத்தை எழுதி ஒட்டுங்கள். கடை 14 மணி நேரம் திறந்திருக்க வேண்டும் என்றால் இரண்டு பேரை மாற்றி மாற்றி அமர்த்துங்கள். வார விடுமுறையைச் சம்பளத்தோடு கொடுங்கள். ஊழியர் எந்த மதத்தவராக இருந்தாலும் அவருடைய பண்டிகைக்கு விடுப்புக் கொடுங்கள்.

2. வெளிநாடு போகிறவர்கள் ஒப்பந்தத்தில் சம்பளத்தை மட்டும் பார்க்காமல் வேலை நேரம், வார விடுமுறை, ஊருக்கு வரும் விடுப்பு, டிக்கெட் ஆகியவற்றையும் படித்துப் பாருங்கள். எத்தனை வருடம் என்பதை மனைவியோடு பேசி முடிவு செய்துவிட்டுப் புறப்படுங்கள். விடுப்பை விற்றுக் காசாக்காதீர்கள்.

3. பெங்களூரிலும் ஓசூரிலும் இருப்பவர்களுக்கு ரயில் இருக்கிறது. மாதத்தில் இரண்டு வாரக் கடைசியாவது பிள்ளைகளுக்கு என்று வையுங்கள். வந்த நாளில் கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளையின் மக்தப் பாடத்தைக் கேளுங்கள்.

4. குழந்தை பிறந்தால் அத்தாவும் ஒரு மாதம் வீட்டில் இருக்கத் திட்டமிடுங்கள். சட்டம் தராவிட்டாலும் சேர்த்து வைத்த விடுப்பும் கொஞ்சம் சேமிப்பும் அதைத் தரும். அகீகா விருந்தைச் சுருக்கினால் அந்தச் சேமிப்பு கிடைக்கும்.

5. அமைப்புசாராத் தொழிலில் இருப்பவர்கள் நலவாரியத்தில் பதிவு செய்யுங்கள். கட்டுமானத் தொழிலாளருக்குத் தனி வாரியம் இருக்கிறது. பள்ளிவாசல், மத்ரஸா ஊழியர்களுக்கு உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் இருக்கிறது. ஜமாஅத் அலுவலகத்தில் மாதம் ஒரு நாள் இதற்கென்று படித்த இளைஞர்கள் உட்கார்ந்தால் பல குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும்.

தேவை பெருகப் பெருக வேலையும் பெருகும். பெரிய வீடு, பெரிய நிக்காஹ், பெரிய வண்டி என்ற ஓட்டத்தை நாமே குறைக்காவிட்டால் எந்தச் சட்டமும் அத்தாவை வீட்டுக்குக் கொண்டுவராது. நார்டிக் நாடுகளின் மக்கள் நூறு ஆண்டு முயன்று ஒரு எல்லையைக் கட்டினார்கள். இதுவரை வேலை, இதற்குமேல் என் வீட்டாரின் நேரம் என்பதே அந்த எல்லை. அந்த எல்லையை நமக்கு மார்க்கம் முன்பே வரைந்து தந்திருக்கிறது. அதை நம் கடையிலும் நம் பள்ளியிலும் நம் வீட்டிலும் கடைப்பிடிப்பது நம் பொறுப்பு.

நம் உழைப்பில் பரக்கத்தையும், நம் குடும்பங்களில் சேர்ந்திருக்கும் பாக்கியத்தையும், நம்மிடம் வேலை செய்பவர்களுக்கு நீதி செய்யும் மனதையும் அல்லாஹ் நம் எல்லாருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.